பழுப்புக் கொழுப்பு

அஞ்செட்டிக் காட்டுச் சாலை. மார்கழி. மணி மூன்று.
முன்னால் யானைகள். சென்னப்பன் ஆம்புலன்ஸ் விளக்கை அணைத்தான்,
பிறகு எஞ்சினையும்.

மாதேவம்மா பெற்று இருபது நிமிடம்.
ஒன்றே முக்கால் கிலோ;
நடுங்கக்கூடத் தெரியாத பெண்.

தோள்பட்டைகளுக்கு நடுவே விரல் வைத்தேன்.
அடுப்பு எரிகிறது.
கொழுப்பமிலத்தை இரண்டிரண்டு கார்பனாக நறுக்கிப் போட்டு
மைட்டோகாண்ட்ரியா கொளுத்துகிறது,
ஏடிபி என்று ஒரு காசும் முடிந்துவைக்காமல்
அத்தனையும் வெறும் சூடாக.
தேர்வில் இதைக் ‘கசிவு’ என்று எழுதி
மதிப்பெண் வாங்கியவன் நான்.

‘என்ன தேடறீங்க?’ என்றாள்.
இருப்பு எவ்வளவு என்று
எப்படிச் சொல்வது?
பிள்ளையைச் சேலைக்குள் அவள் மார்போடு சேர்த்துக் கட்டினேன்.

கடைசி யானை நகரவில்லை.
நிலவில் அது போட்ட சாணத்திலிருந்து
ஆவி எழுந்துகொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்.