குழாய் நீர் வருகை

வண்டிப்பாளையத்தில் குழாய்த் தண்ணீர்
சொல்லிக்கொண்டு வருவதில்லை.
மூன்றே முக்காலுக்கு வரும். நாலரைக்கு வரும்.
போன செவ்வாய் போல
வந்து, யாரும் எழாததைப் பார்த்து,
போயும்விடும்.
போர் தண்ணீரில் உலை வைத்தால்
உப்புப் போட மறந்தது தெரியாது.

எனக்கு எக்ஸ்ரே அறையில் இரவுப் பணி.
வீட்டில் கோதண்டம் தூங்கினால்
தலைமாட்டில் இடி விழுந்தாலும்
திரும்பிப் படுப்பார், அவ்வளவுதான்.

ஆகவே போனிடம் கேட்டேன்:
குழாய்ப் பள்ளத்தில் தண்ணீர் விழுந்ததும்
மோட்டார் தானாக ஓட வேண்டும்,
இதற்குச் செங்கல் ஏதாவது இருக்கிறதா?

செங்கல் என்றுதான் நான் சொல்வது.
யார் யாரோ தங்கள் வீட்டுக்கென்று சுட்டு,
வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று
அடுக்கி வைத்த குட்டி நிரல்கள்.
ஆள் நுழைந்தால் விளக்கு.
ஆள் போனால் இருட்டு.

போன வருஷம் இதே கேள்விக்கு
ஓ, இருக்கிறதே என்றது.
பெயர் சொன்னது, பதிப்பு எண்கூடச் சொன்னது.
மூன்று நாள் அலைந்தேன்.
அப்படி ஒரு கல்லை எவரும் சுட்டதே இல்லை.

இப்போது அதன் கையில்
தேடும் கருவி ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.
சூளைக்குள் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு
வந்து சொல்கிறது.

குழாய் நீர் வருகை: பூஜ்யம்.
மாநகராட்சி நீர்: பூஜ்யம்.
விடியற்காலைத் தண்ணீர்:
பனி கொட்டினால் வாசலைச் சூடாக்கும் கல் ஒன்று,
புல்வெளிக்குத் தெளிக்கும் கல் நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று!
ஈய ஏப்ரனோடு தனியாக நின்று சிரித்தேன்.

குழாய்க்குள் எந்நேரமும் தண்ணீர் நிற்கும் ஊர்களில்
சுட்ட கற்கள்.
'வருகிறது' என்றொரு வினைச்சொல்
அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது.

பொருத்தமாக எதுவும் இல்லை, என்றது.
அந்த 'இல்லை'க்காகவே அதை மன்னித்தேன்.
பிறகு, கேட்காமலே ஒன்றை நீட்டியது:
நிலவறையில் ஈரம் பட்டால் அலறி
வால்வை மூடும் கல்.
மூடு என்னும் இடத்தில் ஓடு என்று மாற்றலாமா?

எங்கோ ஒருவர்
தண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்து எழுதிய வரி.
ஒரு சொல்லைத்தான் திருப்பினோம்.

கலிவரதன் கடையில் உணரி வாங்கி
சோப்பு டப்பாவில் வைத்துப் பள்ளத்தில் இறக்கினேன்.
முதல் நாள் சாரலுக்கு ஓடியது.
இரண்டாம் நாள் எதிர்வீட்டு நாய்
காலைத் தூக்கியதற்கு.
மூன்றாம் நாள், மூன்று ஐம்பத்திரண்டுக்கு,
குழாய் முதலில் காற்றை இருமி,
துருவைத் துப்பி,
அப்புறம் பேச ஆரம்பித்தது.
போனில் 'ஓடுகிறது' என்று வந்தபோது
லாரி டிரைவர் ஒருவரின் மார்புக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.
மூச்சை இழுத்துப் பிடிங்க, என்றேன்.
நானும் பிடித்திருந்தேன்.

கார்த்திகையில் கெடிலம் ஏறியது.
இரவு இரண்டு மணிக்குத் தெருவைத் தாண்டி
எங்கள் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தது.
கல் தன் வேலையைச் செய்தது.
தண்ணீர் வந்தாயிற்று, ஓடு.
சேறும் ஆகாயத்தாமரை வேருமாக
ஆற்றை அள்ளி அள்ளி
மாடித் தொட்டிக்கு ஏற்றியது.
கரண்ட் போனதால் பாதியோடு நின்றது.
அன்றைக்குத்தான் கோதண்டம் எழுந்தார்,
அதுவும் பாயே நனைந்த பிறகு.

தொட்டியைக் கழுவ இரண்டு நாள்.
கழுவிக்கொண்டே அந்த நிலவறைக்காரரை நினைத்தேன்.
பெயர் தெரியாது. அவர் பயம் மட்டும்
இப்போது எனக்கும் பாடம்.

மழை விட்டதும்
எங்கள் கல்லையும் சூளையில் வைத்தேன்.
இனி விருத்தாசலத்திலோ, வேறெங்கோ
தூக்கம் கெட்ட ஒருத்தி கேட்டால்
பூஜ்யம் என்று வராது.
விவரக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்:
நாய்க்கும் ஓடும்.
ஐப்பசி பிறந்ததும் கழற்றி வைக்கவும்.