முதல் வினாடி

காலை ஏழரைக்கு
முதலில் இயந்திரத்துக்கு மூச்சு கொடுக்க வேண்டும்.
மூன்று லிட்டர் காற்றடைத்த பெரிய ஊசி.
மெல்ல ஒருமுறை, வேகமாக ஒருமுறை,
இரண்டுக்கும் நடுவே ஒருமுறை.
திரையில் 2.98.
இந்தப் புழுக்கத்தில் அதுவும் களைத்திருக்கும்.

பஞ்சாயத்து நூலகத்தில் மேசை.
அளவு பிசகுமென்று மின்விசிறியை நிறுத்திவிட்டேன்.
அதற்கே பாதிப்பேர் திட்டுகிறார்கள்.

"நல்லா இழுங்க. இப்ப ஊதுங்க!
விடாதீங்க விடாதீங்க, இன்னும் இருக்கு, இன்னும்"
பிரசவ அறைபோலக் கத்துகிறேன்.
முதல் வினாடியில் எவ்வளவு வருகிறதோ
அதுதான் எங்கள் ஆராய்ச்சி.

எண் நூற்றுப் பதினேழு. சவுரியம்மாள்.
வயது ஐம்பத்தெட்டு. ஆதாரில் அறுபத்தொன்று.
நான்காம் கேள்வி: பீடியா, சிகரெட்டா, எத்தனை வருடம்?
"சீ" என்றாள்.
சுழியம் போட்டேன்.
வீட்டில் யாரேனும் புகைப்பதுண்டா?
"அவரு போயிப் பதினாறு வருசம். குடிதான். பீடி இல்ல."
இன்னொரு சுழியம்.

பாமணி ஆற்றோர அரிசி ஆலையில்
முப்பத்தொரு வருடம் நெல் அவித்தவள்.
உமி எரியும் அடுப்பு, உலர்களத்துத் தூசி,
வீட்டுக்கு வந்தால் கருவேலங்கட்டை.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், பென்சிலால்.

ஊதினாள்.
முதல் வினாடியில் எழுநூற்று நாற்பது மில்லி.
கோடு எழுந்து, சட்டென்று குழிந்து,
தரையோடு தவழ்ந்துகொண்டே போனது.
பதினோரு வினாடி. நிறுத்தச் சொன்னது நான்தான்.

தஞ்சாவூரில் எடுத்த ஸ்கேனை வைத்துக்கொண்டு
டாக்டர் விளக்கினார்:
"காத்து உள்ள போகுது. வெளிய வரமாட்டேங்குது."
"வடிகா தூந்துபோச்சா?" என்றாள்.
டாக்டர் ஈரோட்டுக்காரர்.
எனக்குப் புரிந்தது.
கடைமடையில் பிறந்தவர்களுக்கு
தண்ணீர் வராத வருடமும் தெரியும்,
வந்தது வடியாத வருடமும்.
இரண்டிலும் பயிர் சாகும்.
இரண்டாவதில்
எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கச் சாகும்.

இதையும் சொல்லியிருக்கலாம்:
உன் நெஞ்சுக்குள் கோடிக்கணக்கில் குட்டி வயல்கள்.
வரப்பில்தான் ரத்தம் வந்து காற்றைத் தொட்டுவிட்டுப் போகும்.
புகையை விரட்ட ஓடிவந்த உன் அணுக்களே
வரப்பைத் தின்றுவிட்டன,
பூச்சிக்கு இறக்கிய வாத்துகள்
நாற்றையும் மிதித்ததுபோல்.
வரப்பு போனால் வயல் பெரிதாகத்தான் தெரியும்.
சொல்லவில்லை.

அந்த வரப்பைத் திரும்பப் போட
இதுவரை எவருக்கும் தெரியாது.
எலிகளில் முயல்கிறார்கள்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
பேருந்து நாற்பது நிமிடம் நின்றதால்
கட்டுரையை முழுதும் படித்தேன்.
எலிகள் கொஞ்சம் தேறியிருந்தன.

இவளுக்கு உறிஞ்சும் மருந்து, காலை ஒன்று மாலை ஒன்று.
அப்புறம் பயிற்சி.
"உதட்டைக் குவிங்க. ஊதாங்குழல்ல ஊதற மாதிரி. மெதுவா."
சிரித்தாள். சிரிப்பு இருமலாகி
அது அடங்க நேரமானது.
"அத ஊதித்தானே தாயி இப்படி ஆனேன்."
நோயாளி நன்கு ஒத்துழைக்கிறார்
என்று குறிப்பில் எழுதினார்கள்.

மாசியில் இரண்டாம் சுற்று.
நூற்றுப் பதினேழு வரவில்லை.
கணினி மூன்று விடைகள்தான் தந்தது:
மறுத்துவிட்டார். இறந்துவிட்டார். தொடர்பில் இல்லை.
போனை எடுத்த பையன் சொன்னான்:
"ஆத்தா ஆலைக்குப் போயிருக்கு. சம்பா சீசன்ல."

இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.
விதிப்படி கூடாது.
சாக்கு அடுக்கின்மேல் உட்கார்ந்து ஊதினாள்,
பின்னால் கொதிகலன் அவளைவிட நன்றாக ஊதியது.
எழுநூற்று அறுபது.
"எம்புட்டு?"
"நாலு ஸ்பூன் கூட."
இயந்திரத்தின் பிழை அதைவிடப் பெரியது.
அதைச் சொல்லுமுன்
முந்தானையை மூக்கோடு கட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கிளம்பும்போது வடிகட்டியைக் கழற்றினேன்.
ஒன்று அவள் ஊதியது. ஓரளவு வெள்ளை.
இன்னொன்று, உறையைப் பிரித்து
மறதியாய் மேசையில் விட்டது.
அரைமணி நேரம் யாரும் ஊதாமல்
வெறுமனே கிடந்தது.
அதுதான் சாம்பல் நிறம்.