வலது முட்டி

விலையை டாலரில் போட்டிருக்கிறார்கள்.
டாலர் ஏறினால் திருப்பூரே சிரிக்கும்.
இந்த மாசம் நான் மட்டும்
இறங்கியிருக்காதா என்று
விடிந்ததும் செல்லைத் திறக்கிறேன்.
என் பனியனை வாங்குவதும் அதே டாலர் என்பது
பல் விளக்கி முடித்த பிறகே உறைக்கிறது.

பெடல் ஸ்டீல் கிட்டார்.
பத்துக் கம்பி, மூன்று மிதி,
முட்டிக்கு ஐந்து லீவர், மேப்பிள் மரம்.
செய்கிறவர் வருசத்துக்கு இருபதுதான் செய்வாராம்.
யாரோ வேண்டாமென்று விட்ட இடம் ஒன்று இருக்கிறது,
வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்கிறார்.
கப்பல், சுங்கம், வரி கூட்டினால்
ஏழே முக்கால் லட்சம்.

இதை முதலில் எங்கே கேட்டாய் என்று கேட்காதீர்கள்.
கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

கையில் இருப்பது பழசு.
தொட்டில் கட்ட இடமில்லை என்று
பெங்களூரில் ஒருத்தர் தள்ளிவிட்டது.
இடது முட்டிக்கு ஒரே லீவர்.
மூன்றாம் கம்பி மாசம் ஒன்று அறும்.
நடு மிதியை விட்டாலும் சுருதி இறங்காது,
ஒரு மயிரிழை மேலேயே உட்கார்ந்திருக்கும்
சாப்பிட்டு முடித்தும் எழுந்திரிக்காத ஒறம்பரை மாதிரி.
பவர் டேபிளுக்கு விடும் எண்ணெயை விட்டுப் பார்த்தேன்.
உடைந்த ஊசியை ஆப்பாக வைத்துப் பார்த்தேன்.
வாசித்ததைப் பதிந்து கேட்டேன்.
பத்துப் பிழையில் ஆறு என் மணிக்கட்டுடையது.
மிச்சம் நாலுக்கா
ஏழே முக்கால்?

ஆனால் முட்டி விடமாட்டேன் என்கிறது.
பதினெட்டு வயசில் தையலுக்கு உட்கார்ந்தவன்,
இன்றைக்கும் ஆள் வராத நாளில் நான்தான் டெய்லர்.
வலது முட்டியை வலப்பக்கம் தள்ளினால்
பூட் தூக்கும், துணி திரும்பும்.
அதே முட்டி, அதே பக்கம், அதே இரண்டு விரற்கடை.
புதுசில் தள்ளினால் இரண்டாம் கம்பி இறங்குமாம்.
என் பழசில் அந்த இடம் காலி.
பதினஞ்சு வேலம்பாளையத்து ஷெட்டில் விளக்கணைத்து
ராத்திரி வாசிக்க உட்கார்ந்தால்
பகலெல்லாம் பழகிய முட்டி
தன்பாட்டுக்கு வலப்பக்கம் போய்க்
காற்றைத் தள்ளிவிட்டுத் திரும்புகிறது.

இதைச் சுகந்தாமணியிடம் எப்படிச் சொல்ல?
சொல்லிவிட்டேன்.
டெபிட் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்:
"தேய்மானம் எத்தன வருசம் போடறதுங்க?"
முப்பது வருசம் அசையாது என்றேன்.
"கம்பியும் மரமும் தேயாது, செரி.
முட்டி?"

அதற்கு என்னிடம் பில் இல்லை.

மறுநாள், பார்க்காமல் இருந்திருக்கலாம்,
மூன்றாவது டேபிளில் பழனாத்தாள்
சாயங்கால டீக்கு எழுந்தவள்
பலகையைப் பிடித்துக்கொண்டு சித்த நேரம் நின்றாள்.
இடது கால் முன்னால் போனது.
வலது, பொறவுதான்.
பதினோரு வருசம் எனக்காகப் பூட் தூக்கிய கால்.
புது மெஷினில் அது தானாகத் தூக்கும்,
குதிகாலை லேசாக அழுத்தினால் போதும்,
முட்டிக்கு வேலையே இல்லைங்க என்று
ஏஜெண்ட் போன தையிலேயே சொன்னான்.
அவன் கொடுத்ததில்
காலண்டரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளி மத்தியானம்
ஆறு டேபிளுக்கு அட்வான்ஸ் போட்டேன்.
புண்ணியக் கணக்கு இல்லை இது,
பீஸ் கூடும், ரெண்டு வருசத்தில் போட்டது திரும்பும்,
சுகந்தாமணி கூட்டிக் காட்டினாள்.
அவளுக்குத் தெரியாமல் அப்புறம் எழுதினேன்:
இந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுங்கள்.
என் பெயரைக் கடைசியில் போட்டுவையுங்கள்.
இன்னொன்று,
வலது முட்டி லீவர் ஒன்றை மட்டும்
தனியாக விற்பீர்களா?

பதில் இல்லை. அங்கே இன்னும் விடியவில்லை.
மூன்றாம் கம்பியை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.
கீழே, இருட்டில்,
முட்டி ஒருதடவை போய்வந்தது.