சட்டத்துக்கு வெளியே

நடுஹட்டி, கேர்கம்பை, கக்குச்சி, ஓரசோலை.
நான்கு ஊரும் முதலில்
வரிசை வரிசையாய்ப் பெட்டிகளாக வந்தன.
காலிப் பெட்டிகள்.
எழுத்துரு கிடைக்கவில்லை என்று
இளஞ்சிவப்பில் ஒரு முனகல்,
அவ்வளவுதான் எச்சரிக்கை.

கோத்தகிரி. இரவு பத்தேகால்.
இலைத் தொழிற்சாலையின் மாடி அறை.
கீழே வாட்டும் தொட்டிகளில் காற்றாடி ஓடுகிறது.
அதன் வெதுவெதுப்பு பலகைத் தரை வழியே ஏறி
என் பாதத்தோடு நின்றுவிடுகிறது.
விரல்களுக்கு எட்டுவதில்லை.

தமிழ் எழுத்துரு ஒன்றை இறக்கிக் கொடுத்தேன்.
பெட்டிகள் திறந்தன.
ஆனால் கேர்கம்பையின் கொம்பு
ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது.
தலைப்பில் கோத்தகிரிக்கு
கொம்பும் காலும் சேர்ந்தே பின்தங்கிவிட்டன,
கூட்டம் கலைந்தபின்
செருப்புத் தேடுகிறவர்களைப் போல.
புள்ளிகள் தம் மெய்யை விட்டு
அடுத்த வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருந்தன.

மேட்பிளாட்லிப்புக்கு எழுத்துத் தெரியும்,
எழுத்துக்கூட்டத் தெரியாது.
மூட்டை இறக்குகிறவர் மாதிரி
ஒவ்வொன்றாய் இறக்கி வைக்கும்.
உயிர் எங்கே மெய்யோடு ஒட்டும் என்பதெல்லாம்
அதற்கெதற்கு?

வரையும் எந்திரத்தையே மாற்றினேன்.
நிறுவினேன், உடைந்தது, நிறுவினேன்.
எடை மேடையிலிருந்து போஜன் ஏறி வந்தார்:
"கட்டபெட்டு ரோட்டில காட்டெருமை நிக்குது.
இலை லாரி அந்தப் பக்கமே மாட்டிக்கிச்சு."
"கொம்பு எந்தப் பக்கம் இருக்கு?" என்றேன்.
அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
தேநீரை வைத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டரைக்குக் கொம்பு முன்னால் வந்தது.

மாதங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
ஒரே கறுப்புக் கட்டியாய்க் கிடந்தன.
நாற்பத்தைந்து பாகை சாய்த்தேன்.
சரிவில் நிற்பது இங்கே யாருக்கும் புதிதில்லை.
சேமித்தால் அவற்றின் பாதங்கள் வெட்டுப்பட்டன.
ஓரத்தை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன்,
முழுசாய் வந்தன.
குறிவிளக்கப் பெட்டி ஜூலை விலையின்மேல்
குடைவிரித்து உட்கார்ந்திருந்தது.
தூக்கி வெளியே வைத்தேன்.

மிச்சம் ஒரு கோடு.
ஒரு கிலோ பச்சை இலைக்கு
விவசாயி செலவழிப்பது இருபத்துநாலு ரூபாய்.
சிவப்பில், விட்டுவிட்டு, கிடையாக.
எழுதினேன். ஓடியது.
பிழை இல்லை.
கோடும் இல்லை.

நிறத்தை மாற்றினேன். தடிமனைக் கூட்டினேன்.
எல்லாவற்றுக்கும் மேல் அடுக்கில் வை என்றேன்.
எல்லாவற்றையும் அணைத்து எழுப்பினேன்.
திட்டினேன்கூட.

பிறகு முப்பத்தோராவது வரியைப் பார்த்தேன்.
விலை அச்சு: பத்திலிருந்து இருபது வரை.
பக்கத்தில் ஒரு குறிப்பு,
'மேலே காலியிடம் வேண்டாம்.'
சென்ற ஆண்டு மேலாளர் கேட்டார்,
படம் நிறைந்து அழகாய் இருக்கட்டும் என்று.
எழுதியவள் நான்.

கோடு இருந்துகொண்டுதான் இருந்திருக்கிறது,
சட்டத்துக்கு வெளியே,
யாரும் வரையாத வெள்ளையில்.

இருபதை முப்பதாக்கினேன்.
நான்கு ஊரும் மளமளவென்று
பள்ளத்துக்கு இறங்கின.
மேலே அது தனியாக.
எந்த ஊரும் எந்த மாதமும் அதைத் தொடவில்லை.
ஓரசோலை மட்டும் ஜூனில்
கொஞ்சம் எம்பிப் பார்த்திருந்தது.

அழகாய் இல்லை. பாதிப் படம் காலி.
இரண்டு அச்சும் சரி.
அச்சுக்கு அனுப்பினேன்.

அச்சுப்பொறியில் சிவப்பு மை தீர்ந்திருந்தது.
கோப்பை எடுக்க வந்த போஜன்
தாளை விளக்கடியில் பிடித்தார்.
விரல் கேர்கம்பையில் நின்றது,
ஒவ்வொரு எழுத்தாய்த் தடவியது.
"எங்க ஊரு. சரியா எழுதியிருக்கு."
பிறகு விரல் மேலே போனது,
வெள்ளை தாண்டி,
விட்டுவிட்டுப் போகும் அந்தக் கோடு வரை.
"இது எந்த ஊரும்மா?"

நான் வாய் திறப்பதற்குள்
கீழே லாரி ஹாரன் அடித்தது.
எருமை நகர்ந்திருக்க வேண்டும்.