பதினேழாம் மிதவை

ஹார்லிங்கன் துறைமுக அலுவலகம்,
இரண்டாயிரத்து நான்கு, பிப்ரவரி.
வெண்பலகையில் மூன்று கட்டம் வரைந்தாள் வீட்ஸ்கா:
ஸ்டிரட்ஸ். டேபஸ்ட்ரி. கக்கூன்.
குறுக்கே என் கோழிக்கிறுக்கலில் வரிசைகள்:
வேகம், நினைவகம், கற்க ஆகும் நாள்,
பழுதானால் யாரைக் கேட்பது.

கையில் இருப்பதோ ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு.
கடலோடிகளுக்கு அறிவிப்பு:
இந்த மணல்திட்டு நகர்ந்தது, அந்த விளக்கு அணைந்தது.
அது வலைப்பக்கமாக வேண்டும்,
படகில் ஒட்டிவைக்க பிடிஎஃப் ஆக வேண்டும்,
வானொலியில் யோரிட் வாசிக்க
நகைநட்டில்லாத வெறும் வரிகளாகவும் வேண்டும்.

ஸ்டிரட்ஸ் நல்ல குமாஸ்தா.
படிவம் கொடு, முத்திரை குத்தி
அடுத்த சன்னலுக்கு அனுப்பும்.
ஆவணத்தை நீட்டினால் மட்டும்
இது எந்தப் பிரிவு என்று விழிக்கும்.

டேபஸ்ட்ரி அழகு, மறுக்கவில்லை.
பொத்தான், பட்டியல், நாட்காட்டி,
ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம்.
நம் பக்கத்தில் பொத்தானே இல்லையே என்றேன்.
வீட்ஸ்கா சிரித்தாள்.

கக்கூன் குழாய்களைப் பற்றி மட்டுமே பேசியது.
இந்த முனையில் கோப்பு,
நடுவில் உருமாற்றம்,
அந்த முனையில் நீ கேட்ட வடிவம்.
கிளம்ப நாலு நிமிடம்; காபி போட்டுவிடலாம்.
அதன் யானைப் பசிக்கு
எங்கள் வழங்கியின் இருநூற்றைம்பத்தாறு எம்பி
சோளப்பொரி.

வியாழன் இரவுப் புயலில்
பதினேழாம் மிதவை சங்கிலியை அறுத்துக்கொண்டு போனது.
கோப்பில் ஒரு பத்தி சேர்த்தேன்.
பக்கம் வரவில்லை. வந்தது பிழைச் செய்தி,
இருநூறு வரி,
ஜாவாவின் அடிவயிறு வரைக்கும்.
மூடாத ஒரு குறிச்சொல், என்னுடையதுதான்,
அறுபதாவது வரியில் வாய் பிளந்து கிடந்தது.
மூடினேன்.
மூன்று வடிவமும் அடுத்தடுத்து வந்து நின்றன.
அதற்குள் யோரிட்
சிகரெட் அட்டையில் கிறுக்கிய எண்களை
ஒலிவாங்கியில் இருமுறை வாசித்து முடித்திருந்தான்.
இறால் படகொன்று திரும்பிவிட்டது.

காலையில் கக்கூனைச் சுற்றி வட்டம் போட்டாள் வீட்ஸ்கா.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
அளந்துவிட்டோம், இடுப்புக்கு மேல்.
விடுகிறோம்.

பழுதானால் யாரைக் கேட்பது என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதினாள்.
அழிப்பானைத் தேடினேன்.
யோரிட் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தான்.