வெந்நீர் முறை

கீவளூர் தாண்டி, பாலத்துக்கு இப்பால்
எங்கள் பங்கின் கீற்றுப் பந்தல்.
ஆகஸ்ட் கடைசி.
மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு
வந்தும் வராமலும் இருக்கிற நாட்கள்.
வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் மட்டும்
தவறாமல் வந்துவிடுகிறார்கள்,
காவி வேட்டியும் தார்ச்சாலை சுட்ட பாதமுமாக.

கூட்டுறவுச் சங்கச் செயலராய் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.
கணக்கில்லாமல் எதுவும் செய்யத் தெரியாது.
நீல அட்டை நோட்டு ஒன்றில்
பதினோரு வருஷமாக எழுதிவருகிறேன்,
கழுவிய கால்களை.
நேற்று வரை ஆயிரத்து இருநூற்று ஆறு.
அதில் இரண்டு செயற்கைக் கால்;
தள்ளுபடி செய்யவில்லை.

மண்டியிடுவது எனக்குக் கைவந்திருந்தது.
துண்டை இடுப்பில் கட்டுவது,
முகத்தைத் தாழ்த்துவது,
பங்குச் சாமியார் வரும் நேரம் பார்த்து
சீழ் வைத்த கொப்புளமாக ஒன்றை எடுத்துக்கொள்வது.
மறைமாவட்ட மடலில் என் படம் வந்தது.
கீழே, 'தாழ்மையின் உருவம்.'
பத்துப் பிரதி வாங்கினேன்.

வெந்நீர் வருவது பந்தலுக்குப் பின்னாலிருந்து.
சவுக்கு விறகு, அண்டா, கல்லுப்பு,
சிங்கராயன்.
கடைசித் தெருக்காரன்.
வாளியைத் தட்டிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு
அந்தப் பக்கம் போய்விடுவான்.
அவன் கையை நான் பார்த்ததில்லை.
பூசையில் எந்தப் பக்கம் உட்காருவான்
என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

இந்த முறை, மூன்றாம் இரவு,
ஒரு சிறுமி கத்தினாள்: "தாத்தா, ரத்தம்!"
யாருக்கு என்று தேடினேன்.
சிமெண்டுத் தரையில்
என் தடங்கள் சிவந்து கிடந்தன.
பந்தல் போட்ட ஆணி. எப்போது ஏறியதோ.
சர்க்கரைக்குக் கொடுத்துவிட்ட கால் அது,
சேதி சொல்லாது.

"உக்காருங்க" என்றான் சிங்கராயன்.
"வேணாம்ப்பா."
"உக்காருங்க."
"நானே கழுவிக்கிறேன்."
பேதுருவும் வேண்டாம் என்றுதான் சொன்னார்.
அவர் ஆண்டவர் குனிவதைப் பொறுக்காமல் சொன்னார்.
நான், இவன் தொடுவானே என்று சொன்னேன்.
எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

அலுமினியத் தாம்பாளத்தில் என் கால்.
ஊற்றுமுன் வாளிக்குள்
முழங்கையை விட்டுப் பார்த்தான்,
பிள்ளையைக் குளிப்பாட்டப் போகிறவன்போல.
அந்தத் தோல் வெந்து வெந்து கறுத்திருந்தது.
"சரியா இருக்கு."
சூடோ இதமோ, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
இது மட்டும் உறைத்தது:
ஆயிரத்து இருநூற்று ஆறு கால்களில்
ஒன்றுகூட வெந்துபோகவில்லையே, ஏன்,
என்று நான் கேட்டதே இல்லை.

ஆணியைப் பிடுங்கினான்.
டெட்டால் விட்டான், கட்டினான்.
"நாளைக்கு ஊசி போட்டுக்கங்க."
வாளியோடு தட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே
முதல்முறையாக 'வரவு' என்று எழுதினேன்.
கால் ஒன்று.
அதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்
என்று சொன்னால் பொய்.
மறுநாள் பகலில், மண்டியிட முடியாமல்
முக்காலியில் உட்கார்ந்தபடி,
முப்பத்தெட்டு.

இரவு, கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு
அடுப்படிக்குப் போனேன்.
ஒரு கட்டையை உள்ளே தள்ளினேன்.
கண் எரிந்தது.
பழக்கதோஷம், யாராவது படம் எடுக்கிறார்களா என்று
திரும்பிப் பார்த்தேன்.
இருட்டு. சிங்கராயன் மட்டும்.

"புகை அங்கதான் அடிக்கும்" என்றான்.
"இப்படித் தள்ளி உக்காருங்க."