எட்டு மணி நேர வித்தியாசம்

கறுப்புத் திரையில் ஒரே வரி:
அப்படி ஒரு பகுதி இல்லை.
அதன் கீழே க்ரப் ரெஸ்கியூ என்று எழுதி
மினுக்கிக்கொண்டு நிற்கிறது ஒரு கோடு,
கதவைத் தட்டிவிட்டுப் பேர் சொல்லாத ஆள் மாதிரி.

மணி இரவு ஒன்று நாற்பது.
சுங்கை ஆராவில் பதினோராம் மாடி.
கீழே கோப்பிக்கடையில் நாற்காலிகளை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஓசை.
சற்குணன் பாயான் லெப்பாஸில், இரவு ஷிஃப்டில்.
காலையில் அவன் இறங்குகிற ஃபேக்டரி பஸ்ஸில்தான்
நான் ஏறுவது.

எங்களுக்கு ஒரே மடிக்கணினி.
கொம்தாரில் பேரம் பேசி வாங்கிய பழசு.
பாதி விண்டோஸ், அவனுக்கு.
பாதி லினக்ஸ், எனக்கு.
அவன் பாதிக்கு என் பாதியைப் படிக்கத் தெரியாது.
என் பாதி அவனுடையதை எல்லாம் படிக்கும்:
டிப்ளமோ பாடம், ஃபுட்பால் கேம்,
பாதியில் நிற்கும் ஒரு ராஜினாமாக் கடிதம்.
படித்தேன்.
கேட்கவில்லை.

என்னடா பண்ணினாய் என்று அனுப்பினேன்.
ரெஸ்ட் நேரத்தில், இரண்டு பத்துக்குப் பதில் வந்தது:
"டி டிரைவில இடம் பத்தல.
பேரே இல்லாம ஒண்ணு, எண்பது ஜிபி,
சும்மா கிடந்துச்சு. அழிச்சிட்டேன். சரிதானே?"

சும்மா.
மூன்று மாதமாக நான் எழுதும் நிரல் அங்கே கிடந்தது.
சும்மாதான் கிடந்தது,
ஓடும்போது மட்டும்தான் அது வேலை செய்யும்.

ஃபார்மட் பண்ணினாயா?
"இல்ல. அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு."

அந்த பஸ்ஸுக்கு,
அதை ஓட்டும் பக் மாட்டுக்கு,
ஆயர் ஈத்தாம் முருகனுக்குச் சொல்வதுபோல்
ஒரு நன்றி சொல்லிவிட்டு
பென்டிரைவை மாட்டி எஃப் பன்னிரண்டைத் தட்டினேன்.

அழிந்தது வீடு இல்லை, வாசலில் இருந்த எண்.
சிலிண்டர் சிலிண்டராகத் தேடுகிறது.
நாலாயிரம். ஒன்பதாயிரம்.
மெகி கோரெங் ஆறி ஒட்டிக்கொண்டது.
பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியதும்
பச்சை எழுத்தில் ஒரு வரி: லினக்ஸ்.
எழுதவா என்று கேட்டது.
ஒய் அடிக்கும்போது விரல் இரண்டு தரம் தவறியது.

மறுபடி கிளப்பினேன்.
மெனு வந்தது.
பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கொண்டு வந்தது.
என் பெயர், அவன் பெயர் என்று அங்கே இல்லை,
ஆனாலும் எது யாருடையது என்று தெரியும்.

உள்ளே என் நிரல் அப்படியே.
கடிகாரம் மட்டும் காலை பதினொன்று இருபது என்றது.
வெளியே நல்ல இருட்டு.
பழைய தகராறு இது.
போர்டில் இருக்கும் நேரத்தை
உலக நேரம் என்று நினைத்து
என் பாதி எட்டு மணி கூட்டும்.
அவன் பாதி அதைப் பினாங்கு நேரம் என்றே நம்பும்.
ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் திறக்கும்போதெல்லாம்
எட்டு மணி நேரம் தப்பு.
ஒரு ஷிஃப்டின் நீளம்.

இத்தனை நாள் அவன் பாதியைத்தான்
திருத்த வேண்டும் என்று இருந்தேன்.
அன்றைக்கு என் பக்கத்தில் ஒரே ஒரு கட்டளை:
உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்.
இது நல்லதில்லை, சிக்கல் வரும் என்று எச்சரித்தது.
தெரியும்.
எண்டர்.

மூடியின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதினேன்:
பேரில்லாதது காலி இல்லை.

காலையில் பஸ் வாசலில் அவன் இறங்க, நான் ஏற.
"உயிர் வந்துச்சா?"
"வந்துச்சு. அந்தக் கடிதம்..."
பக் மாட் ஹாரன் அடித்தார்.
மெனுவாவது பத்து விநாடி தரும்.

நாலரைக்கு வீடு திரும்பியபோது
திரையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.
மூடிமேல் என் டேப்புக்குக் கீழே இன்னொரு டேப்,
அவன் கோணல் எழுத்தில்:

சரி.
ஆனா எனக்கு இங்க இடம் பத்தல.